துடக்கு வீட்டில் ஈரல் பிஸ்கட்

எங்கள் நாய்க்கு மாத்திரை கொடுப்பது மாதிரி ஒரு சோதனை எனக்கு இந்த லண்டனில் வேறு வந்ததில்லை. காது தட்டுக்குள் விழ விழச் சாப்பிடும் சின்ன ஸ்பானியல் அவள். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் அழுது அடம்பிடித்து வாங்கினாள். பிறகு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். நாய் எங்களோடு குட்மேய்ஸில் தங்கிவிட்டது. போன வருடம் அவள் இருமத் தொடங்கினாள். மிருக வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, இருதய வால்வு ஒழுகுகிறது, காலையும் மாலையும் மாத்திரை தவறக்கூடாது, தவறினால் நெஞ்சில் நீர் கட்டிவிடும், உப்பு ஆகவே ஆகாது என்றார்.

உப்பு கூடாதென்றால் சீஸ் இல்லை, சொசேஜ் இல்லை, கடையில் விற்கும் நாய்த்தீன் பாதிக்கு மேல் இல்லை. பாணுக்குள் மாத்திரையை வைத்தால் பாணைத் தின்று மாத்திரையைக் கழுவித் துடைத்தது போலக் கம்பளத்தில் வைப்பாள். வாழைப்பழத்துக்குள் வைத்தால் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவாள். கடைசியில் கோழி ஈரலை அவித்து அரைத்து, குரக்கன் மாவும் முட்டையும் சேர்த்து, சின்ன வட்டங்களாக்கி, நடுவில் விரலால் ஒரு குழி குத்தி ஓவனில் வைத்தேன். குழிக்குள் மாத்திரை. விட்டால் என் விரலையும் சேர்த்து விழுங்குவாள். நான் பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்பவள். எத்தனையோ பிள்ளைகள் என் சாப்பாட்டைத் தட்டோடு குப்பையில் கொட்டுவதைப் பார்த்தவள். எனக்கு அந்த மரியாதையே பெரிதாக இருந்தது.

குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாமி இறந்தார். என் கணவர் கடைசி மகன். தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகனின் கடமை. ஆனால் இவருடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து வராமல் கிடந்தது. அங்கே இவருடைய மூத்த அண்ணன், பெரியத்தான், கொள்ளி வைத்தார். இவர் எங்கள் முன்னறையில் வேட்டியோடு நின்று போனில் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் படம் உறைந்துவிட்டது. திரும்பி வந்தபோது நெருப்பு மூண்டிருந்தது. இவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

இவர் ஒன்றும் பெரிய பக்திமான் கிடையாது. வெள்ளிக்கிழமையிலும் ஆட்டிறைச்சி இருக்கோ என்று சட்டியைத் திறந்து பார்ப்பவர். அப்படிப்பட்டவர் முப்பத்தொரு நாளும் துடக்கை, செத்த வீட்டுத் தீட்டை, முறையாகக் காக்கப் போகிறேன் என்றார். தாடி எடுப்பதில்லை, நிலத்தில்தான் படுக்கை, வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று மச்சப் பேச்சே இல்லை. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மாமியின் படம், அதற்கு முன்னால் ஒரு விளக்கு, ஒரு பித்தளைத் தட்டு. நானும் குறை வைக்கவில்லை. மீனும் இறைச்சியும் சமைக்கும் சட்டிகளைக் கட்டிப் பின்வளவு ஷெட்டில் வைத்தேன். ஓவனைத் தேய்த்துக் கழுவினேன்.

நாயின் பிஸ்கட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு மாதந்தானே, மரக்கறியில் செய்து கொடும் என்றார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும்.

"அம்மாவுக்கு எண்டு என்னால செய்ய ஏலுமானது இது ஒண்டுதான். இதையாவது ஒழுங்காச் செய்யவிடும்," என்றார்.

நான் ஓம் என்றேன்.

மனதார முயன்றேன். வற்றாளங்கிழங்கில் செய்தேன், பூசணிக்காயில் செய்தேன். எல்லாவற்றையும் அவள் மரியாதையாக வாங்கிக்கொண்டு போனாள். முதல் கிழமை முடியும்போது சோபாவை இழுத்துக் கூட்டினால், பின்னால் மாத்திரைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதற்குள் இருமல் திரும்பிவிட்டது. படியேறி வந்தால் நின்று மூச்சு வாங்கினாள். வைத்தியரிடம் போன் பண்ணினேன். எப்படியாவது உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டி வரும் என்றார்கள்.

இவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாயையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி செய்யும் என்றிருப்பார், பிறகு உள்ளுக்குள் உடைந்துபோவார், அந்தப் பாவம் எனக்கு எதற்கு என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குக் கோபம். உயிரோடு இருந்த காலத்தில் போனில் நலம் விசாரித்ததோடு நின்ற மாமி, செத்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து என் ஓவனை ஆளுகிறார் என்று கோபம். அந்த மனுசிமேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை.

என்னோடு வேலை செய்யும் மன்னார்ப் பெண் வேதக்காரி. அவளைக் கேட்டிருந்தால் தன் ஓவனைச் சந்தோசமாகத் தந்திருப்பாள். செத்த வீட்டுக்காரி நாய்க்குப் பிஸ்கட் சுட்டுத் திரிகிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிய எல்லாரும் கதைப்பார்களே என்று கேட்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினேன். சீ, எந்த நேரத்தில் எதைக் காப்பாற்றுவது!

இவர் வேலைக்குப் போகும் நாளாகப் பார்த்து ஈரலைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். ஷெட்டிலிருந்து ஒரு சட்டியை எடுத்தேன். ஈரல் வாடை தெரியக்கூடாதென்று வறுத்த நிலக்கடலையை அரைத்து நிறையச் சேர்த்தேன். அப்படியும் வீடு மணத்தது. குளிருக்கு எல்லா ஜன்னலும் பூட்டிய வீட்டில் மணம் எங்கே போகும்? கடைசியில் மாமியின் படத்துக்கு முன்னால் சாம்பிராணி கொளுத்தினேன். புகை அலாரம் கத்தியது. பின்கதவைத் திறந்துவைத்து, துவாயால் விசிறி விசிறி அதை அடக்கினேன். நாய் என் காலுக்குள் நின்று வாலை ஆட்டியது. அன்று மாலை மாத்திரை போன இடம் தெரியாமல் போனது. இரண்டு மூன்று நாளில் இருமலும் குறைந்தது.

இவர் வேலையால் வந்து கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசத்தில் அப்படியே நின்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடினார். ஒரு நாள் நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது போனில் பெரியத்தானோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் மறந்தாலும் அவ மறக்கிறேல்லை அண்ணை, வேலையால களைச்சு வந்தும் அம்மாவுக்குச் சாம்பிராணி காட்டுறா என்றார். நான் வந்த படியிலேயே திரும்பி மேலே போனேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை பிஸ்கட் சுட்டபோது பயத்தில் இன்னும் கொஞ்சம் கூடச் சாம்பிராணி போட்டேன்.

சுட்டதை ஒளிக்க வேண்டுமே. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் பேணிகள் வீட்டில் குவிந்திருந்தன. வெறுமையான ஒன்றில் ஈரல் பிஸ்கட்டைப் போட்டு அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும் நாயின் வழக்கமான டப்பாவில் பூசணிப் பிஸ்கட்டைக் காட்சிக்கு வைத்தேன். பள்ளிக்கூடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டாமல் ஒரு பெட்டியைக்கூட மூடமாட்டேன். கடலை என்றால் இன்னும் பெரிய எழுத்தில் எழுதுவேன். வீட்டில் அந்தப் பேணியில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, ஒரு கிழமை இருந்தது. நான் பஸ்ஸால் இறங்கி வந்தபோது இவர் எனக்கு முன்பே வந்திருந்தார். குசினி மேசையில் வெறுந்தேத்தண்ணீரும் அந்தப் பேணியும். மூடி திறந்து கிடந்தது. நாய் அவருடைய முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பேணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், இது ஆர் கொண்டந்தது? சீனியும் இல்லை, கச்சான்கடலை போட்டு நல்லாச் செய்திருக்கினம். பசிக்கு நாலைஞ்சு சாப்பிட்டிட்டன். அம்மாவுக்கும் ரெண்டு வைச்சனான்."

ஆரோ கொண்டந்தது என்று என் வாய் தானாகச் சொன்னது. கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குப் போனேன். பித்தளைத் தட்டில் இரண்டு பிஸ்கட். ஒவ்வொன்றின் நடுவிலும் மாத்திரைக்காக என் விரல் குத்திய குழி. மாலையில் விளக்கேற்றியதும் படைத்ததில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் இவர் இரவுச் சாப்பாட்டில் கை வைப்பார்.

தட்டில் வேறு பிஸ்கட்டை மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கையும் நீண்டது. மாற்றினால் தப்புவது நான் மட்டும். அவர் வயிற்றுக்குள் போனதை யார் மாற்றுவது? நான் திரும்பக் குசினிக்குப் போய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அது நாயின்ர பிஸ்கட். ஈரல் போட்டுச் செய்தது."

அவர் கையில் இருந்த கோப்பையை மெல்ல வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பேணியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"எப்ப இருந்து?"

முதல் கிழமை முடிந்ததிலிருந்து என்றேன். மாத்திரைகள் சோபாவுக்குப் பின்னால் கிடந்ததை, இருமலை, வைத்தியர் சொன்னதை எல்லாம் கடகடவென்று கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். நாயின் விசயம் அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. அப்போதுதான் கேட்டார்.

"அப்ப அந்தச் சாம்பிராணி?"

கெட்டித்தனமாக ஏதாவது சொல்ல எனக்கு எப்போதும் வரும், ஊரே என்னை வாய்க்காரி என்றுதான் சொல்லும். அன்றைக்கு அவர் முன்னால் வாயடைத்து நின்றேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது.

அவர் எழும்பிக் குளியலறைக்குப் போனார். ஓங்காளித்துச் சத்தி எடுக்கப் போகிறார் என்று பயந்தேன். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டுந்தான் கேட்டது. வந்து, படத்துக்கு முன்னால் இருந்த இரண்டு பிஸ்கட்டையும் எடுத்துப் பேணிக்குள் போட்டு மூடினார். எறியவில்லை. பேணியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், நாயின் டப்பா இருக்கும் இடத்தில் வைத்தார். தட்டைக் கழுவினார். மாமிக்குப் புதுத் தண்ணீர் வைத்தார்.

"இண்டைக்கு முதலாம் நாள்," என்றார்.

தெரியாமல் சாப்பிட்டது கணக்கில் வராது, ஐயரைக் கேட்போம், வேண்டுமென்றால் மனோர் பார்க் கோயிலுக்குத் துடக்குக் கழிந்ததும் போய் ஏதாவது செய்வோம் என்றெல்லாம் பின்னால் பின்னால் திரிந்து சொன்னேன். அவர் பாயை விரித்தார். மறுநாள் காலையில் அவரே மாத்திரையைப் பிஸ்கட்டின் குழிக்குள் வைத்து நாய்க்கு நீட்டினார். பிறகு முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு விளக்கை ஏற்றினார். பிஸ்கட் முடிந்தால் செய்யும், ஒளித்துச் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. அந்த நாட்களில் குப்பைப் பை வைக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை என்று நானே தேடித் தேடிச் சண்டைக்குப் போனேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய் வைத்தார், கதவைப் பூட்டினார். நானும் பாயில் படுத்தேன், நானும் மரக்கறிதான் சாப்பிட்டேன். என் முதுகு நொந்ததே தவிர மனம் ஆறவில்லை. தப்பு என்னுடையது. முப்பத்தொரு நாளையும் திரும்ப எண்ணுவது அவர்.

ஊரில் குறித்த நாளில் அந்தியேட்டி நடந்தது. பெரியத்தான் கீரிமலைத் தீர்த்தக்கரையில் எல்லாம் முடித்து, முகம் வழித்து, வீட்டுக்கு வந்து வீடியோ அழைப்பில் எடுத்தார். இங்கே நான் குசினியில் அடுத்த தொகுதிக்கு மா பிசைந்துகொண்டிருந்தேன். தாடியோடு நின்ற தம்பியைப் பார்த்து, என்னடா நீ இன்னும் எடுக்கவில்லையோ என்று கேட்பது எனக்குக் கேட்டது. குளிருக்குத் தோல் எரியுது அண்ணை, பிறகு எடுப்பம் என்று இவர் சாதாரணமாகச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

அவவைக் கூப்பிடு என்றார் பெரியத்தான். இவர் போனோடு குசினிக்குள் வந்தார். என் கை மணிக்கட்டு வரை ஈரலும் மாவும். துடைக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்து, போனைத் தானே என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பிள்ளை, தம்பி எல்லாம் சொன்னவன். ஒரு நாளும் விடாமல் அம்மாவுக்குச் சாம்பிராணி காட்டினீராம். பக்கத்தில இருந்த எங்களாலயே அப்பிடிச் செய்ய ஏலேல்லை," என்றார் பெரியத்தான்.

நான் போனுக்கு மேலால் இவரைப் பார்த்தேன். சொல்லிவிடட்டோ என்று கண்ணால் கேட்டேன். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. என் கைகள் தெரியாதபடி போனை இன்னும் சற்று மேலே உயர்த்தினார்.

"ஓம் அத்தான்," என்றேன்.