முடிந்துபோன மாத்திரை

முதலில் அரித்தது உள்ளங்கை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள், சாக்பீஸை வைத்துவிட்டுச் சொறிந்தேன். மறுநாள் சாந்தோம் வீட்டில் என் கணவர் என்னை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்து, "கண்ணு ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்கு?" என்றார். மகள் ஷீலாவின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிலிருபின் (கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப்பொருள்) பல மடங்கு ஏறியிருந்தது. பித்தப்பையில் கல் இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை. புற்றுநோயோ என்று இன்னொரு ஸ்கேன். அதுவும் இல்லை.

"கடைசி ரெண்டு மாசத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்று மருத்துவர் தினமும் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

அது பொய். ஒரு மாதத்துக்கு முன் எனக்குச் சளி பிடித்திருந்தது. சைதாப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் தம்பி அருளிடம் போனேன். "இன்னாக்கா, கல்யாணத்த வெச்சிக்கினு மூக்க உறிஞ்சிக்கினு கீற? இத்த அஞ்சு நாள் போடு, சரியாப் பூடும்" என்று, சீட்டு எதுவும் இல்லாமல் ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தான். அமாக்சிசிலினும் (பென்சிலின் வகை மருந்து) கிளாவுலானேட்டும் (பாக்டீரியா அந்த மருந்தைச் சிதைக்காமல் தடுக்கும் துணை) சேர்ந்த மாத்திரை.

போட்டு முடித்து மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று நினைத்தேன். அதைவிட, அருளின் கடைக்குச் சிக்கல் வருமே என்று பயந்தேன்.

நான்காம் நாள், சோதனைக்காகக் கல்லீரலில் ஊசியால் சதை எடுக்க முடிவு செய்தார்கள். சளிக்கு நான் மாத்திரை போட்டது நினைவுக்கு வந்து, கணவர் வீட்டுக்குப் போய்க் காலி அட்டையைத் தேடி எடுத்துவந்து மருத்துவரிடம் கொடுத்தார்.

"இதையா மறைச்சீங்க?" மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. "நிறுத்தி சில வாரம் கழிச்சும் இது கல்லீரலைத் தாக்கலாம். அபூர்வம்தான், ஆனா நடக்கும். சளி வைரஸால வர்றதும்மா. இது பாக்டீரியாவுக்கான மருந்து. உங்களுக்கு இது தேவையே இல்ல."

தேவையே இல்லை.

"தேதிய மாத்திடலாம்மா" என்று ஷீலா அழுதாள். நான்தான் வேண்டாமென்றேன். தோலைக் கிழித்துக்கொள்ளாமலிருக்கக் கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டிலில் படுத்தபடி செல்போனில் அவள் கல்யாணத்தைப் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில், கோட் போட்டுக்கொண்டு அருள் நின்றிருந்தான்.

மஞ்சள் இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அருள் ஒருமுறை வந்தான். "எத்தினியோ பேருக்குக் குடுத்துகீறேன்க்கா, யாருக்கும் ஒண்ணும் ஆவல."

"எனக்கு ஆச்சேடா."

அவன் எழுந்து போனான். பிறகு வரவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு: மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் இந்த மருந்துக்கு அஞ்ச வேண்டாம், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். பென்சிலின் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். கேட்டால் மறைக்காதீர்கள். எனக்கு இது ஆயுளுக்கும் கூடாது என்று எழுதிய அட்டை கைப்பையில் இருக்கிறது.

குணமாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் இன்று நன்றாக இருப்பதை வைத்து என் உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் துணிவில்லை. அடுத்த மாதம் பெங்களூரில் தன் வீட்டுக்கு வரும்படி ஷீலா கூப்பிட்டிருக்கிறாள். போன வாரம் பல்வலிக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரை போட்டிருக்கிறேன்; அது என்ன செய்யும் என்று தெரிய இன்னும் சில வாரம் ஆகலாம். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.