அக்காவின் பெயர் இருந்த வரி

திரையில் ஒரு வரி நின்றது. கோப்பைக் காணவில்லை என்கிற சாதாரணப் பிழைச் செய்திதான். ஆனால், அந்தக் கோப்பைத் தேடிய இடம் என்று அது காட்டியது அக்காவின் பெயர் கொண்ட கோப்புறையை. அன்று அக்காவுக்கு வேலையில் கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு அவருடைய கணக்கை மூடிவிடுவார்கள். கோப்புறையும் அதோடு போய்விடும்.

அக்கா எனக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்குக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். வாய்ப் பேச்சில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. சரக்குப் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு அச்சிடும் நிரலைக் கட்டியது அவர்தான். யாரோ இலவசமாக வெளியிட்ட மூலநிரலை இறக்கி, எங்கள் கணினியில் ஓடும் வடிவத்துக்குத் தொகுத்து, மேலே தன் வேலையைச் சேர்த்திருந்தார். பொதுக் கோப்புறையில் நிறுவ அனுமதி கேட்டால் வாரக்கணக்கில் இழுப்பார்கள். அதனால் எங்கள் அலுவலக வழக்கப்படி தன் சொந்தக் கோப்புறையிலேயே நிறுவிவிட்டார். அந்த இடம் நிரலுக்குள்ளேயே பதிந்து போனது யாருக்கும் தெரியவில்லை. சாப்பிடப் போகுமுன், எதற்கும் பார்ப்போமே என்று சோதனைக் கணினியில் அந்தக் கோப்புறையை நான் மறைத்துப் பார்த்தேன். குட்டு வெளிப்பட்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரம். அன்றிரவு விமானத்தில் மல்லிகை வருகிறது. சீட்டு ஒட்டாத பெட்டி கிடங்கைவிட்டு நகராது. விடிந்தால் சிராங்கூன் சாலைப் பூக்கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். எனக்கு அதைவிட வயிற்றெரிச்சல் வேறு ஒன்றில். இத்தனை ஆண்டுகள் உழைத்தவரைப் பற்றி, அவர் போன அன்றே எல்லாம் நின்றுவிட்டது என்றுதானே பேசுவார்கள்?

மேலாளர் சுலபமான வழி சொன்னார். அக்கா போன பிறகும் அதே பெயரில் ஒரு கோப்புறையை வைத்துக்கொள்வோம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். எனக்கும் உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது. அவர் பெயர் இங்கேயே இருக்குமே. அக்கா மசியவில்லை.

"நான் வீட்டக் காலி பண்ணிட்டுப் போறேன். நீங்க என் அட்ரஸ்லயே குடித்தனம் நடத்துவீங்களா? வேணாம் லா. சரியா செஞ்சி குடுத்துட்டே போறேன்."

பொதுக் கோப்புறைக்கு அன்றே அனுமதி வாங்க மேலாளரை விரட்டிவிட்டு உட்கார்ந்தோம். தொகுப்புக் குறிப்புகளில் அவர் பெயர் நேரடியாக எழுதியிருந்த இடங்களை எல்லாம் நீக்கினோம். எங்கே நிறுவ வேண்டும் என்பதை இனி தொகுக்கிறவர் ஒரே ஓர் இடத்தில் சொன்னால் போதும். தொகுத்து ஓடவிட்டால் மறுபடியும் அதே பிழை, அதே பெயர். எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டினேன். அக்கா சிரித்தார். அப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. முன்பு தொகுத்த துண்டுகளை அழிக்காமலேயே தொகுத்திருக்கிறோம். நாங்கள் கை வைக்காத கோப்புகளைக் கணினி திரும்பத் தொகுக்கவில்லை; பழைய இடம் அந்தத் துண்டுகளுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்தையும் தொடச்சிட்டு முதல்லேர்ந்து பண்ணுவோம் அக்கா" என்றேன்.

துடைத்தோம், தொகுத்தோம், அதற்குள் அனுமதி கிடைத்திருந்த பொதுக் கோப்புறையில் நிறுவினோம். கோப்புறையை மறைத்தேன். அச்சு இயந்திரம் முனகிவிட்டு ஒரு சீட்டைத் தள்ளியது. அதைக் கிழித்து அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா தன் குவளையைக் கழுவப் போன நேரத்தில் நான் ஒரு வேலை செய்தேன். நிரல் தொடங்கும்போது திரையில் பதிப்பு எண் மட்டும்தான் வரும். அதன் கீழே ஒரு வரி சேர்த்து இன்னொரு முறை தொகுத்து, இரண்டாவது சீட்டையும் அச்சிட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆறு மணிக்கு அக்காவின் கணக்கை மூடினார்கள். மறுநாள் காலை தேக்காச் சந்தையில் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

இப்போதும் எங்கள் நிரலுக்குள் எந்த ஆளின் கோப்புறையும் கிடையாது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் நிரலை முதல் முறை ஓடவிட்டாள். பதிப்பு எண்ணுக்குக் கீழே இருந்த பெயரைப் படித்துவிட்டு, இங்கே இந்தப் பெயரில் யாரும் இல்லையே, யார் இவங்க என்று கேட்டாள்.

"இத செஞ்சவங்க" என்றேன்.