கலாதேவி மகளிடம் பேசாத தமிழ்

கலாதேவிக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் நாற்பது வார்த்தை இருக்கும். பதிமூன்று வருஷமாக மகளை அதை வைத்துத்தான் வளர்க்கிறாள். சிட், ஈட், வெயிட், குட் கேர்ள். அதற்கு மேல் பாசம் பொங்கினால் வாயை மூடிக்கொண்டு மகள் தலையைத் தடவுவாள்.

மலேசியாவில் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளி, அப்புறம் மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படிப்பு, அத்தோடு சரி. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் காலியானதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அங்கே புந்தோங்கில் கல்யாணம், புந்தோங்கிலேயே ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. வாய் மட்டும் தோட்டத்து வாய்தான். தெருமுனையில் பேசினால் கோயில் வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் பெற்ற மகளிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மகள் பிரமிளாவுக்கு நாலு வயதாகியும் சொந்தமாகப் பேச்சு வரவில்லை. யார் என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொன்னாள். ஆட்டிசம் என்றார்கள். பயிற்சி மையத்திலிருந்த ஒரு அம்மையார், இந்தப் பிள்ளைக்கு மூன்று மொழி தாங்காது, மையத்தில் இங்கிலீஷ்தான், வீட்டிலும் அதையே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். போகிற போக்கில் சொன்னாரோ என்னவோ, கலாதேவி அதை அம்மன் வாக்காக எடுத்துக்கொண்டாள். படித்தவர்கள் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற புத்தி நம்மிடம் இருக்கிறதே, அதுதான். ஒரு வருஷத்தில் அம்மையார் வேறு ஊருக்குப் போய்விட்டார். போதும், தமிழ் பேசு என்று சொல்ல அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

கணவன் தனேஸ்வரன் லோரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் மகளிடம் "ஹலோ" என்பான், அதோடு அவனுடைய இங்கிலீஷ் தீர்ந்துவிடும். தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்கள், "என்னக்கா, வீட்டுல வெள்ளக்காரிய வச்சிருக்கீங்க லா" என்று கிண்டலடிப்பார்கள். கலாதேவியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மகளிடம் பேசாத தமிழையெல்லாம், குனோங் ராபாட்டில் இருக்கும் தங்கை புஷ்பலதாவிடம் போனில் கொட்டுவாள். சாயங்காலமானால் சமையலறையில் நின்றுகொண்டு அரைமணி நேரம். பிரமிளா அங்கேயே மேசையில் பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குத்தான் தமிழ் தெரியாதே.

போன வாரம் பிரமிளா சாப்பாட்டை நிறுத்தினாள். பதினேழு வயதுப் பெண், முதல் நாள் சோற்றைத் தள்ளிவிட்டாள். மறுநாள் மைலோவையும் தொடவில்லை. மூன்றாம் நாள் தன் கன்னத்தைத் தானே குத்திக்கொள்ளத் தொடங்கினாள், ஒருமுறை இடது, ஒருமுறை வலது. கலாதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பெய்ன்?"

"பெய்ன்."

"நோ பெய்ன்?"

"நோ பெய்ன்."

எங்கே வலிக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறதா, கூசுகிறதா, பல்லா காதா? கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. இங்கிலீஷில் ஒன்றும் வரவில்லை.

அரசாங்கப் பல் கிளினிக்கில் ஒரு மலாய்க்கார டாக்டர், சின்ன வயசு, பொறுமையானவர். வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் கொண்டுபோனால் பிரமிளா பல்லைக் கிட்டித்துக்கொண்டாள். எக்ஸ்ரேவுக்கும் உட்காரவில்லை. டாக்டர் கன்னத்தை வெளியிலிருந்தே தொட்டு, "ஹியர்?" என்றார். "ஹியர்" என்றாள். அந்தப் பக்கம் தொட்டார். "ஹியர்" என்றாள். அவர் கலாதேவியிடம் மலாயில் சொன்னார்: எந்தப் பல் என்று தெரிந்தால் இன்றைக்கே ஏதாவது செய்யலாம். தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு வரிசை நீளம், மூன்று மாதமாவது ஆகும்.

கலாதேவி மகளின் முன்னால் மண்டியிட்டாள். "ஷோ மம்மி. ப்ளீஸ். ஷோ."

பிரமிளா அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, அழுத்தம் திருத்தமாக, தமிழில் பேசினாள்.

"என்னால முடியல புஷ்பா. இத வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? எனக்கு முன்னாடி இது போய்ச் சேந்துட்டா நல்லது லா."

குரல் கலாதேவியின் குரல். நடுவில் மூக்கை உறிஞ்சுவது கூட அப்படியே இருந்தது.

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிட்டாளா என்று ஆவலாகக் கேட்டார். கலாதேவி இல்லையென்று தலையாட்டினாள். வலி தாங்க முடியாமல், தனக்குத் தெரிந்ததிலேயே மிகத் துயரமான வார்த்தைகளை எடுத்து மகள் சொல்கிறாளா? அல்லது இத்தனை வருஷமாக அவளைப் பற்றிப் போனில் பேசியது ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்திருக்கிறதா? அர்த்தம் தெரியாமல் ஓசையை மட்டும்தான் சேர்த்து வைத்திருக்கிறாளா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்த ஒரே ஆளிடம் கேட்க முடியவில்லை.

தமிழ் பேசாத விரதமாவது மண்ணாங்கட்டியாவது. "எங்கம்மா வலிக்குது? அம்மாகிட்ட சொல்லும்மா" என்று தமிழிலேயே கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லும்மா" என்றாள் பிரமிளா.

டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். வலி மாத்திரையும் கொடுத்தார். அதை எப்படி விழுங்க வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் தனேஸ்வரனுக்காகக் காத்து நின்றார்கள். கலாதேவி மகளின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கக் கை இல்லை.

"அம்மா வேணும்னு சொல்லலடி தங்கம். எதோ ஆத்தாமைல சொன்னது. மன்னிச்சிக்கடி."

பிரமிளா கொஞ்சம் யோசிப்பவளைப் போல நின்றாள்.

"மன்னிச்சிக்கடி" என்றாள், அதே அழுகைக் குரலில். பிறகு கையை உருவிக்கொண்டு மறுபடி கன்னத்தில் குத்தினாள். இந்தமுறை வலது பக்கம்.