விலாங்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம், எல்லர்ஸ்லியில் உள்ள என் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஜெயமணி அக்காவின் மகள் ஷாமினி அழைத்தாள். "அங்கிள், அம்மா மோசம் போயிட்டா." அக்கா இறந்துவிட்டார் என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அந்த விலாங்குப் புத்தகத்தை அம்மாவோட பெட்டிக்குள்ள வைக்கோணும். ஒண்டு கொண்டு வாறீங்களோ?" என்றாள். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

அக்கா மன்னார்க்காரர். வாரநாள்களில் ஆய்வுக்கூட வேலை; சனிக்கிழமைகளில் கிளென் ஈடன் தேவாலய மண்டபத்தில் எங்கள் தமிழ் வகுப்பு. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நீதிக்கதை மட்டும் போதாது, உலக விஷயங்களையும் தமிழில் தர வேண்டும் என்று அவரே எழுதத் தொடங்கினார். கணினியில் தமிழ் எழுத்து வைத்திருந்த ஒரே தகுதியில் நான் பதிப்பாசிரியர் ஆனேன். தலைக்கனமும் கூடவே வந்தது.

விலாங்கு மீனைப் பற்றிய புத்தகத்தை எழுத, முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கியவர் அவர். எழுதியதை வகுப்பில் வாசிப்பார். பிள்ளைகள் ஆங்கிலத்திலாவது "ஏன்?" என்று கேட்ட வரி தங்கும், கொட்டாவி விட்ட வரியை அங்கேயே அடித்துவிடுவார். கடைசிப் பக்கத்துக்கு 'எனக்குத் தெரியாதவை' என்று தலைப்பிட்டு ஏழு கேள்விகள் எழுதியிருந்தார். இந்த விலாங்குகள் கடலில் எங்கே போய் முட்டையிடுகின்றன என்பது முதல் கேள்வி.

அந்தப் பக்கத்தை நான் அவரைக் கேட்காமலே நீக்கினேன்.

அச்சாகி வந்த பிரதியைப் புரட்டிய அக்கா, "கடைசிப் பக்கம் எங்க தம்பி?" என்றார்.

"எழுதுறவங்களே தெரியாதுன்னு சொன்னா பெத்தவங்க என்னக்கா நினைப்பாங்க?"

"தாய்தகப்பனுக்கோ நான் எழுதினனான்? பெரியாக்கள் எல்லாத்தையும் கண்டுபிடிச்சு முடிச்சிட்டினம் எண்டால், இந்தப் பிள்ளையள் என்னத்துக்குப் படிக்கோணும்?"

அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னேன். "பக்கம் பத்திரமா இருக்குக்கா" என்றும் சொன்னேன். அதை அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன். நம்பி வேறு பிரதி எழுதாமல் இரண்டு வருடம் காத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பார். நான் வேலைப்பளு என்று மழுப்புவேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிப் பார்த்தேன். நான்கு கேள்விகளே நினைவுக்கு வந்தன. மறுநாள் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஷாமினியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு புத்தகத்தையும் தாளையும் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "மிச்சம் மூண்டும்?" என்றாள்.

"தெரியாதும்மா."

அவள் தாளைப் புத்தகத்தில் செருகி அக்காவின் கைகளுக்கடியில் வைத்தாள்.

போய் வாருங்கள், அக்கா. அந்த மூன்று கேள்விகளையும் கேட்க இனி யாரும் இல்லாமல் செய்தவன் நான்தான்.