ரங்கூனில் எந்தப் பள்ளிக்கூடம்?

மகனுக்கு ரங்கூன் தோல் கிடங்கில் வேலை. அடுத்த மாதம் மருமகளும் பேரனும் கப்பல் ஏறுகிறார்கள்.

இன்று வேலூர் பஸ்ஸில் மருமகளிடம் சொன்னேன்: "அங்க நம்ம ஊர்க்காரங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துறாங்க. பையனை அதுலயே சேத்துடு."

"வேணாம் மாமா. சீனப் பசங்க, பர்மாப் பசங்க எல்லாரும் படிக்கிற பாதிரியார் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறோம்."

"தமிழ் மறந்துடுவான்."

"நீங்க இன்னா, பள்ளிக்கூடம் போயா தமிழ் கத்துக்கினீங்க? இங்க தோல் பதனிடற ஷாப்புல வேலை செய்யறவங்க வூட்டுப் புள்ளைன்னு பள்ளிக்கூடத்துல அவனை வாசப்படியாண்ட தனியா உக்கார வெக்கிறாங்க. அங்கயும் அதே ஊர்க்காரங்கதானே."

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் நான் பிடியை விடவில்லை. அவன் தமிழ்தான் படிக்க வேண்டும்.

ரங்கூன் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். தமிழ் மட்டும் கப்பல் ஏறி, நம் ஊர் வாசப்படி ஏறாத பள்ளிக்கூடம் அங்கே உண்டா?