பட்டு நூலால் செடி பார்த்தது

எங்கள் குடும்பத்தில் தாவரவியல் படித்தவன் நான் ஒருவன்தான். தாவரவியல் என்ன, கல்லூரி வாசலை மிதித்தவனே நான் ஒருவன்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆகவே நெசவாளர் தெருவில் நாங்கள் வீடு கட்டி, சுவருக்கு வெளியே தெருவையொட்டி ஒரு துண்டு மண் மிஞ்சியபோது, அங்கே என்ன வைப்பது என்பதை நானே முடிவு செய்வது என்று தீர்மானித்தேன்.

அம்மா கேட்டது ஒரு மல்லிகை. நான் அவளுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். இந்த மண்ணுக்கே உரிய புதர்கள், அவற்றைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சிகள், தண்ணீர் கேட்காத வேர்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, இன்னா வைக்கப் போற?" என்றாள்.

"களா."

"ஏன்டா, தாமல் ஏரிக்கரையில கூலிக்கு நான் வெட்டிப் போட்ட முள்ளையா வாசல்ல வைக்கப் போற?"

நான் புன்னகைத்தேன். படித்தவன் புன்னகை. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஆறு களா நட்டேன். வெயில் விழும் நேரம், ஆடு வாய் வைக்காது என்பது, கிளை ஒடித்தால் பால் வடியும் என்பது எல்லாம் நோட்டில் ஏறின. ஒன்று மட்டும் ஏறவில்லை. எதிர்வீட்டு அண்ணன் விடியற்காலையில் எங்கள் சுவரோரமாகத்தான் பாவு நீட்டுவார். தறியில் ஏற்றவேண்டிய ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிவார். அதைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளை உருட்டிப் போனேன். அது தாவரவியலில் சேரும் என்று தோன்றவில்லை.

களா வளர வளர அவர் பாவைத் தெருவின் நடுப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். செடிக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் போனபின் ஒருநாள் காலையில் பால் வண்டி வந்தது. வழிவிட அவர் பாவை ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளினார். களா பிடித்துக்கொண்டது.

"யாரும் இழுக்காதீங்கபா," என்றார் மெதுவாக. யாருடையதோ கல்யாணப் புடவைக்கான பாவு. தறி காலியாகக் காத்திருந்தது. நான் ஓடிப்போய் ஓர் இழையை எடுத்துவிட்டேன். அறுந்தது. இன்னொன்று. அதுவும்.

"நீ படிச்ச புள்ள, அந்தாண்ட நில்லுபா," என்றார் அவர் மனைவி.

அம்மா இழையைத் தொடவே இல்லை. என் நகவெட்டியை எடுத்துவந்து, முள்ளை அடியில் நறுக்கினாள். "பால் சொட்டும், பட்டுல பட்டா கறை," என்று முந்தானையைக் கீழே ஏந்திக்கொண்டாள். என் நோட்டில் இருந்த பால்தான்.

வெயில் ஏறும்வரை நறுக்கினாள். பாவு பிழைத்தது. அறுந்தது மூன்று இழை. இரண்டு என் கைவண்ணம். அண்ணன் அவற்றை முடிந்துவிட்டு, "வேற ஏதனா வைபா, சும்மா உட்டுடாத," என்று மட்டும் சொன்னார். அன்றே அம்மா ஆறு களாவையும் தோண்டி எடுத்தாள்.

அண்ணனிடம் கொஞ்சம் கழிவுப் பட்டு நூல் கேட்டு வாங்கிக்கொண்டு வாலாஜாபாத் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். ஒவ்வொரு செடியின் இலையிலும் கிளையிலும் நூலை இழுத்துப் பார்த்தேன்.

"இன்னா சார், செடிக்கு மந்திரிச்சிக்கினு இருக்கீங்க?" என்றார் நர்சரிக்காரர்.

பிராய்க்கு முள் இல்லை என்று நம்பிக்கையோடு இழுத்தேன். உப்புத்தாள் மாதிரி இலை, நூல் பிசிறிப் போனது. ஆவாரையில் வழுக்கியது. நொச்சியிலும். இரண்டையும் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது ஒரு மல்லிகையும் வாங்கினேன். அதற்கு வகுப்பு எதுவும் எடுக்கவில்லை.

அடுத்த பாவை அண்ணன் பழையபடி எங்கள் சுவரோரமே நீட்டினார். முடியும்வரை நான் நகவெட்டியோடு வாசலில் நின்றிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.