மடிக்காமல் வெட்டிய துணி

துணியை இரண்டாக மடித்து ஒரே தடவையில் வெட்டுவதுதான் எங்கள் தொழில் வழக்கம். வலது தோளை அளந்தால் இடது தோளையும் அளந்த மாதிரிதான். தம்போயில் என் தையல்கடைக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் பல வருடங்களாக அப்படித்தான் ரவிக்கை வெட்டினேன். சரியில்லை என்று ஒருத்தியும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனம்தான் என் மகள் விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது. இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதிலிருந்து அவளுடைய சீருடைப் பினஃபோரின் தோள்பட்டை இடது பக்கம் நிற்காமல் நழுவியது. “நேரா நில்லுடி” என்று திட்டிவிட்டுப் பட்டையைச் சுருக்கினேன். பாவாடை ஒரு பக்கம் தொங்கியது, அதையும் மடித்துத் தைத்தேன். தீபாவளி ரவிக்கைக்கு இடது தோளில் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். தையலால் சரிக்கட்ட முடியாதது எதுவும் இல்லை என்பது என் நினைப்பு.

அந்த ரவிக்கையை அவளுக்குப் போட்டுப் பார்க்கும்போது என் கை பட்டுக் குண்டூசி டப்பா கவிழ்ந்தது. அவள் குனிந்து பொறுக்கினாள். நான் பின்னால் நின்றேன். முதுகின் வலப்பக்கம் மேடாக எழும்பியிருந்தது, இடப்பக்கம் தாழ்ந்து கிடந்தது. கால் இஞ்சு பிசகினாலே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது?

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அவளை அதே மாதிரிதான் குனியச் சொன்னார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. கூடவே கொஞ்சம் முறுக்கியும் இருப்பதால்தான் அந்த மேடு என்றார். ஸ்கோலியோசிஸ், இருபத்தெட்டு டிகிரி. புத்தகப் பை கனமா, கூனி உட்காருவதாலா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். இரண்டுமில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாது என்றார். நான் சொன்ன ஒவ்வொரு ‘நேரா நில்லு’வும் எனக்கு உறுத்தியது.

அவளுக்குப் பதின்மூன்று வயது, இன்னும் வளர்கிற உடம்பு. உடம்போடு வளைவும் வளர்ந்தால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். அதைத் தடுக்க இடுப்பிலிருந்து அக்குள் வரை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிரேஸ் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். குளிக்கவும் உடற்பயிற்சி செய்யவும் மட்டும் கழற்றலாம். வளைவை அது நிமிர்த்தாது, வளர்ச்சி முடியும்வரை கூடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“லாயாங் லாயாங்ல நல்லா உருவிவிடற ஒரு அம்மா இருக்காங்க, ரெண்டே வாட்டில நிமித்திடுவாங்க லா” என்றார் ஒரு வாடிக்கையாளர். “வலிக்கு உருவலாம்கா, எலும்புக்கு இல்ல” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் அடுத்த ரவிக்கையை வேறு கடையில் கொடுத்தார். போகட்டும்.

சில வாரங்கள் கழித்து, அவள் பள்ளியிலிருந்து வந்து கழற்றிப் போட்ட பனியனைத் துவைக்க எடுத்தேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. பிரேஸுக்கு அடியில் காலையிலிருந்து கிடந்த பனியன் அப்படி இருக்காது. கேட்டதும் அழுதுவிட்டாள்.

“ஸ்கூல் டாய்லெட்ல கழட்டி பைல வச்சிருவேன்மா. பினஃபோருக்குள்ள அது புடைச்சிக்கிட்டு நிக்குது. எல்லாரும் தட்டி தட்டி பாக்குறாங்க.”

எனக்கு வந்த கோபத்தில் அடித்திருப்பேன். ஆனால் பினஃபோர் தைத்தது நான்தானே. பிரேஸ் வந்த பிறகும் பழைய அளவிலேயே அவளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே பிரேஸோடு நிற்கவைத்து அளவெடுத்து, பள்ளிச் சீருடையிலேயே இன்னொரு வகையான பாஜு குரோங், முழங்கால் வரை தொங்கும் மேல்சட்டையும் நீளப் பாவாடையுமாக, தொளதொளவென்று மூன்று தைத்தேன். அவள் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பிரேஸ் பைக்குள் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் போட்டாள். வெயிலில் வேர்க்குரு வந்தது, திட்டினாள், ஆனாலும் போட்டாள். கடைசி எக்ஸ்ரேயில் வளைவு முப்பதில் நின்றிருந்தது. வளர்ச்சி முடிந்துவிட்டது, இனி பிரேஸ் வேண்டாம், அறுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்றார் டாக்டர். கார் நிறுத்துமிடம் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு ரவிக்கை வெட்ட உட்கார்ந்தேன். பழக்கதோஷம், துணியை மடித்துவிட்டேன். பஞ்சையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

“ஏன்மா மடிக்கிறீங்க? எனக்குத்தான் ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்லயே” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிற எந்தப் பெண்ணும் தன் அளவைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

துணியைப் பிரித்து மேசை முழுக்க விரித்தேன். வலது தோளை அளந்தேன், பிறகு இடது தோளையும் அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கோடு போட்டு, தனித்தனியாக வெட்டினேன். தீபாவளியன்று அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். தோளில் பஞ்சு இல்லை. ரவிக்கை நழுவவும் இல்லை.